மணிப்பூர் ரோடு: தாத்தா லாரி ஓட்டிய வழியில்

நவம்பர் 11, 2022 – ரயிலில்

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறினோம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்த வண்டிதான் இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் செல்லும் ரயில். எங்கள் ஊர்க்காரர்கள் அதில் ஏறினால் வண்டி மாறாமலே நாகாலாந்தின் திமாப்பூரில் இறங்கிவிடலாம் என்பது, இந்தப் பயணத்துக்குத் திட்டமிடத் தொடங்கும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னுடன் வருபவர் என் சித்தப்பா. அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூரிலிருந்து மலையேறும் தடங்களிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்.

எங்கள் தாத்தா 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவில் லாரி ஓட்டுநராகப் பணியாற்றி, இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும், ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார் பதக்கமும் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், துப்பாக்கி பிடித்தவர்களின் கதைகளுக்கு நடுவே, “நான் வண்டிதான் ஓட்டினேன்” என்று தாத்தா சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்பவர்களும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அவர் ஓட்டிய சாலை எது, அந்தச் சாலை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தச் சாலையிலேயே போய் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

1939-இல் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சமாக வளர்ந்தது. வடநாட்டுச் சில இனத்தார்தாம் போருக்கு ஏற்றவர்கள் என்று சொல்லிச் சொல்லி, மதராஸ் காலாட்படையைத் தேயவைத்து 1920களில் கலைத்தே விட்ட ஆங்கில அரசு, ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டு நம் ஊர்ச் சந்தைகளில் ஆள் எடுத்தது. தாத்தா சேர்ந்ததும் அந்த அலையில்தான். வீட்டில் நிலம் இல்லை. மாதாமாதம் மணியார்டர் வரும் என்பதே அவர் சேர்ந்ததற்கான காரணம்.

நவம்பர் 12 – திமாப்பூர்

குவாஹாத்தியை அடையும் முன் பிரம்மபுத்திராவை ரயில் கடந்தது. சராய்காட் பாலம் 1962-இல்தான் திறக்கப்பட்டது. தாத்தா வந்தபோது இங்கே பாலம் இல்லை. வடகரையில் அமின்காவ் வரை ரயில், அங்கிருந்து படகு, தென்கரையில் பாண்டுவில் மறுபடி ரயில். அதற்கும் முன்பாக, வங்காளத்தில் அகலப்பாதை முடிந்து மீட்டர் பாதை தொடங்கும் இடத்தில் எல்லாச் சுமைகளையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். தேயிலை ஏற்றுவதற்காகப் போடப்பட்ட அந்தச் சிறிய தடத்தின் மீது ஒரு முழுப் போர்முனையின் பாரமும் விழுந்தபோது அது திணறியது; 1944 மார்ச்சில் அமெரிக்க ரயில்வே படையினர் அதை ஓட்டும் பொறுப்பை ஏற்றார்கள்.

திமாப்பூர் நிலையத்துக்கு அப்போது ‘மணிப்பூர் ரோடு’ என்று பெயர். தாத்தா வாயில் திமாப்பூர் என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. மணிப்பூர் ரோடு என்றுதான் சொல்வார். போரின்போது இந்த ஊரைச் சுற்றி 18 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமுமாகக் கிடங்குகள் பரந்திருந்தன. அரிசி, ஆட்டா, பருப்பு, குண்டு, பெட்ரோல், மருந்து, கோவேறு கழுதைக்கான தீனி என எல்லாமே இங்கே இறங்கி, இங்கிருந்து லாரியில் ஏறி, மலைவழியாக இம்பால் சென்றன. 1944-இல் பர்மாவிலிருந்து வந்து கோஹிமாவை முற்றுகையிட்ட ஜப்பானியப் படைப்பிரிவு நிற்காமல் இறங்கி வந்து இந்தக் கிடங்குகளைக் கைப்பற்றியிருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும் என்று பின்னாளில் படைத்தலைவர்களே எழுதினார்கள்.

நிலையத்தின் நடைமேடையில் நின்றபோது, 1942-இல் இங்கே வந்து சேர்ந்த வேறு தமிழர்களை நினைத்துக்கொண்டேன். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே கிளம்பினார்கள். தாமு, பலேல், இம்பால் வழியாக மலைகளைக் கடந்து இந்த நிலையத்துக்கு வந்தவர்களில் ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்த நம்மவர்கள் ஏராளம். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். அந்த ஆண்டே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து சாலையை அகலப்படுத்தினார்கள். தாத்தா லாரி ஓட்டிய பாதை இவ்வளவு பேரின் காலாலும் கையாலும் ஆனது.

நவம்பர் 13 – கோஹிமாவுக்கு ஏற்றம்

திமாப்பூரிலிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர். பழைய கணக்கில் 46 மைல். “நாற்பத்தாறாம் மைல்ல டீ குடிப்போம்” என்று தாத்தா சொல்வாராம். அது கோஹிமாதான் என்பது வரைபடத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது.

சாலையை நான்கு வழியாக்கும் வேலை நடக்கிறது. சுமோவின் முன் இருக்கையில் சித்தப்பா. சமவெளி முடிந்து வளைவுகள் தொடங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கொண்டை வளைவுக்கும் அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்து, இல்லாத கியரைக் கீழே தள்ளி, வளைவு முடிந்ததும் மீண்டும் மடிக்கு வந்தது. வண்டி ஓட்டிய நாகா இளைஞர் அதைக் கவனித்துவிட்டு, “அங்கிள் டிரைவரா?” என்று இந்தியில் கேட்டார். “நானும், எங்கப்பாவும். அவர் இதே ரோட்டுல ஓட்டினவர்” என்று சித்தப்பா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அந்த இளைஞர் அடுத்த ஊரில் வண்டியை நிறுத்தி எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றைய மூன்று டன் லாரிகளில் இந்த ஏற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சித்தப்பா விளக்கியபோது முதன்முறையாகத் தாத்தாவின் வேலை எனக்குப் பிடிபட்டது. கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. முழுச் சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி வண்டி நிற்காது, எஞ்சின் இழுவையிலேயே இறக்க வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சரிவு சாலையோடு சேர்ந்து கீழே போகும். இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு, முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று தாத்தா சொன்னதைச் சித்தப்பா நினைவுகூர்ந்தார். இந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்து இறந்த ஓட்டுநர்களும் போரில் இறந்தவர்கள்தாம்.

வழியில் 36-ஆம் மைலில் ஜுப்சா. அதற்கு மேலே ஜோட்சோமா. முற்றுகையிடப்பட்ட கோஹிமாவுக்கு ஜோட்சோமாவிலிருந்துதான் பீரங்கிகள் துணை கொடுத்தன. இன்று அங்கே வீடுகளும் முட்டைகோஸ் பாத்திகளும் இருக்கின்றன.

நவம்பர் 14 – கோஹிமா

நகரத்தின் நடுவே, போக்குவரத்து நெரிசலுக்கு மேலே, படிப்படியாக உயரும் குன்றில் போர்க் கல்லறைத் தோட்டம் அமைந்திருக்கிறது. 1,420 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். குறுகிய கல் மேடைகளில் வெண்கலத் தகடுகள். ஒவ்வொன்றிலும் பெயர், பிரிவு, வயது, வீட்டார் எழுதித்தந்த ஒரு வரி. பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்று வயதுகளைப் படித்துக்கொண்டே ஏறும்போது கால் தயங்குகிறது.

1944 ஏப்ரல் 4 அன்று தொடங்கிய கோஹிமாச் சண்டை ஜூன் 22 வரை நீடித்தது. தளபதி சாத்தோவின் கீழ் ஜப்பானின் 31-ஆவது டிவிஷன் முழுவதும் வந்து சூழ்ந்தபோது, இந்தக் குன்றில் சண்டையிடும் நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்: ராயல் வெஸ்ட் கென்ட் படையணி, அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ், இவர்களோடு அகப்பட்டுக்கொண்ட பலவகைப் பணியாளர்கள். துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாவில் இருந்த டென்னிஸ் மைதானத்தின் ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் அவர்கள். மைதானத்தின் கோடுகளை வெள்ளை சிமெண்டில் இப்போதும் காணலாம். ஓரத்தில் நின்று ஒரு கல்லை எறிந்தால் மறு ஓரத்தில் விழும். அந்த இடைவெளியில்தான் நாள்கணக்கில் கையெறி குண்டுகள் பறந்தன. ஏப்ரல் 18 அன்று 1/1 பஞ்சாப் படையணியினர் உள்ளே நுழைந்த பிறகே முற்றுகையின் பிடி தளர்ந்தது.

என்னை நிற்கவைத்தது இந்தக் குன்றுகளின் போர்க்காலப் பெயர்கள். எஃப்.எஸ்.டி. மலை என்றால் உணவுக் கிடங்கு இருந்த மலை. டி.ஐ.எஸ். மலை என்றால் அன்றாடப் பங்கு வழங்கும் கடை இருந்த மலை. ஜி.பி.டி. முகடு என்றால் சுமை லாரிப் பிரிவு முகாமிட்டிருந்த முகடு. உலகப்போரின் மிகக் கொடிய கைகலப்புகளில் ஒன்று நடந்த இடங்கள் இன்றுவரை ராணுவ வரலாற்றில் அரிசிக் கடையின் பெயராலும் லாரிக்காரர்களின் பெயராலும் வழங்குகின்றன. தாத்தா சுமையோடு வரும்போது இந்த முகாம்களில்தான் இரவு தங்கியிருக்க வேண்டும். “வண்டிதான் ஓட்டினேன்” என்றவரிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குன்றின் உச்சியில், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர்களுக்குத் தனித்தனி மேடை இல்லை. பெயர்கள் மட்டும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கீழே சிலுவையையும் டென்னிஸ் மைதானத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சில படிகள் ஏறினால் போதும். சித்தப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நினைவுச்சின்னத்தின் அடியில் சிறிது வைத்துவிட்டு, மீதியை நெற்றியில் பூசிக்கொண்டார்.

அடிவாரத்தில் பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனுக்காக நாட்டப்பட்ட பெருங்கல், நாகர்களின் நடுகல் மரபை ஒட்டியது. அந்தப் போரில் நாகர்கள் வழிகாட்டினார்கள், உளவு சொன்னார்கள், காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து மலை இறக்கினார்கள். அவர்களுடைய வீடுகளும் வயல்களும் எரிந்தன. வேறு எவரோ தொடங்கிய போர் அவர்கள் முற்றத்தில் நடந்தது. இதைச் சொல்லாமல் கோஹிமாவைப் பற்றி எழுதுவது முறையாகாது.

நவம்பர் 15 – இம்பால் சாலை

கோஹிமாவிலிருந்து மாவோ வழியாக மணிப்பூருக்குள் நுழைந்தோம். இரண்டு மாநிலங்களுக்கும், வெளியார் நுழைவதற்கான அனுமதிச்சீட்டான இன்னர் லைன் பர்மிட் தனித்தனியே எடுத்திருந்தோம். மாவோவுக்கு அருகே மலைச்சரிவுகளில் காட்டுச் செர்ரி மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன; நவம்பரில்தான் இவை பூக்குமாம்.

தாத்தாவின் கதையில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதி இந்தச் சாலையோடு சேர்ந்தது. 1944 மார்ச் கடைசியில் அவர் சுமையோடு இம்பால் போய் இறங்கினார். திரும்பும் முன் ஜப்பானியர் காங்போக்பிக்கு அருகே சாலையை அறுத்துவிட்டார்கள். இம்பால் சமவெளியில் இருந்த நாலாவது கோர் என்ற படைத்தொகுதி முழுவதும் அடைபட்டது. அவரும் அடைபட்டார். ஊரில் கொள்ளுப்பாட்டிக்கு மணியார்டரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவர் இறந்த செய்தி வந்திருந்த சமயம் அது. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதெல்லாம் கொள்ளுப்பாட்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். கெட்ட செய்தியாக இருந்தால் அது தன் கையில் தரப்படக் கூடாது என்ற பயம்.

ஜூன் 22 அன்று, வடக்கிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனும் தெற்கிலிருந்து ஏறிய இந்திய ஐந்தாம் டிவிஷனும் 109-ஆம் மைலில் சந்தித்தன. சாலை திறந்தது. அந்த இடத்தை ஓட்டுநரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் செய்தோம். ஒரு வளைவு, கீழே ஓடை, எதிரே மூங்கில் காடு. லாரிகள் வரிசையாக எங்களைக் கடந்து இம்பாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சித்தப்பா அவற்றின் சுமையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: “சிமெண்டு. அரிசி. கேஸ் சிலிண்டர். இதுவும் அரிசி.”

இன்னும் தெற்கே காங்லாதோங்பியில், ஏப்ரல் தொடக்கத்தில் தாக்கப்பட்ட ஆயுதக் கிடங்கின் நினைவுச்சின்னம் இருக்கிறது. கணக்கு எழுதுபவர்களும் பண்டகசாலைக்காரர்களும் துப்பாக்கி எடுத்து அந்தக் கிடங்கைக் காத்தார்கள். பின்வரிசை என்று ஒன்று அந்த மாதங்களில் இம்பாலில் இல்லை.

நவம்பர் 16 – மொய்ராங்

இம்பாலிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர். வழியில் அறுவடை நடக்கும் வயல்கள். மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) கர்னல் ஷவுகத் மாலிக் மூவண்ணக் கொடியை ஏற்றினார். இப்போது அங்கே அருங்காட்சியகமும், சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டி, பின்னர் பிரிட்டிஷார் இடித்துத் தள்ளிய நினைவுச்சின்னத்தின் மறுவடிவமும் இருக்கின்றன.

மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆக, அந்தக் கோடையில் இந்த மலைகளின் இருபுறமும் தமிழ் பேசப்பட்டது. தாத்தாவுக்கு இது தெரியும். ஐ.என்.ஏ.காரர்களைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் அவர் பொறுக்க மாட்டார். “அவனவன் எந்த ஊர்ல இருந்தானோ, அந்த ஊர்ப் படையில சேந்தான்” என்பாராம். சம்பளத்துக்காகச் சென்றவரின் பணியும், விடுதலைக்காகச் சென்றவரின் தியாகமும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் ஒன்றை நினைப்பதற்கு இன்னொன்றை மறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அருங்காட்சியகத்தில் தாத்தாவின் பேரன் என்றே சொல்லிக் கையெழுத்திட்டேன்.

திரும்பும் வழியில் செங்குன்றின் அடியில், 2019-இல் திறக்கப்பட்ட இம்பால் அமைதி அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். ஜப்பானியர் உதவியோடு கட்டப்பட்டது. துருப்பிடித்த தலைக்கவசங்கள், தண்ணீர்க் குப்பிகள், சோற்றுப் பாத்திரங்கள். ஜப்பானிய வீரர்கள் மூன்று வாரத்துக்கான உணவோடுதான் பர்மாவில் ஓடும் சிண்ட்வின் ஆற்றைக் கடந்தார்கள். மீதியை இம்பால் கிடங்குகளில் எடுத்துக்கொள்ளலாம் என்பது தளபதி முத்தாகுச்சியின் கணக்கு. அந்தக் கிடங்குகள் கைக்குச் சிக்கவில்லை. மே கடைசியில், தன் வீரர்களுக்கு உண்ணக் கொடுக்க ஏதுமில்லாத நிலையில், மேலிட உத்தரவை மீறிச் சாத்தோ பின்வாங்கினார். வந்த ஏறக்குறைய 85,000 பேரில் சுமார் 30,000 பேர் மாண்டார்கள். குண்டுக்கு இரையானவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் இரையானவர்கள் அதிகம். ஒரு சோற்றுப் பாத்திரத்தின் விளிம்பில் யாரோ ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. அதற்கு உரியவருக்கும் பேரன்மார் இருந்திருக்கலாம் என்ற நினைவோடு வெளியே வந்தேன்.

நவம்பர் 17 – இம்பால்

காலையில் இந்திய ராணுவக் கல்லறைத் தோட்டம். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் அப்துல் ஹபீஸ் இங்கே அடக்கமாகியிருக்கிறார். தகனம் செய்யப்பட்டவர்களின் பெயர்ப் பலகையில் சர்வீஸ் கோர் வீரர்களின் பெயர்களைச் சித்தப்பா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நம் பக்கத்துப் பெயர்கள் வரும்போது உரக்கப் படித்தார்.

பிறகு நகரின் வடக்கே கொய்ரெங்கே. போர்க்காலத்தில் இம்பால் சமவெளியில் இருந்த ஆறு விமானத்தளங்களில் ஒன்று. சாலை அறுபட்டிருந்த மூன்று மாதமும் இம்பாலை உயிரோடு வைத்திருந்தவை இந்தத் தளங்கள்தாம். ஏறக்குறைய 19,000 டன் பொருள்கள் வானத்திலிருந்து வந்திறங்கின. திரும்பும் விமானங்களில் காயம்பட்டவர்களும் நோயாளிகளும் சுமார் 13,000 பேர், போரிடாத மற்றவர்கள் சுமார் 43,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஓட்டுநர்கள் வெளியேற்றப்படவில்லை. விமானத்திலிருந்து இறங்கும் மூட்டையை மலையடிவாரப் படைகளிடம் கொண்டு சேர்க்க அவர்கள் தேவைப்பட்டார்கள். அரைவயிற்றுச் சோற்றோடு, முதுகில் மழையோடு, டகோட்டா விமானத்தின் வயிற்றுக்கருகே லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதில் தானே கெட்டிக்காரர் என்று தாத்தா பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் இந்த இடத்தில் நடந்தது. இறக்கையில் உரசினால் விமானம் அன்றைக்குப் பறக்காது. அன்றைய சோறு போயிற்று.

ஓடுதளம் இன்னும் நீண்டு கிடக்கிறது. ஓரத்தில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அங்கிருந்தே என் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, ஏரோப்ளேன் நின்ன எடத்துலதான் நிக்கிறேன். நீளம் பாத்தா நம்ம ஏரிக்கரை அளவுக்கு இருக்கு. ரிவர்ஸ் எடுக்கறது கஷ்டம்தான், அண்ணே. கண்ணாடி எல்லாம் அப்ப ஏது?” என்று அவர் விவரித்த விதம், ஓட்டுநர் ஒருவர் இன்னொரு ஓட்டுநரின் வேலையை மதிப்பிடும் விதமாக இருந்தது.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் தாத்தாவின் கடிதமும், நிலுவையில் இருந்த மணியார்டர்களும் ஒன்றாக ஊருக்கு வந்து சேர்ந்தன. கொள்ளுப்பாட்டி அந்தப் பணத்தில் வாங்கிய இரண்டு மரக்கால் விதைநெல்லைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு உண்டு.

நாளை மதியம் ஊருக்குத் திரும்புகிறோம். இம்பாலின் இன்றைய விமான நிலையம் அமைந்திருக்கும் துலிஹாலும் அந்த ஆறு தளங்களில் ஒன்று. ரயிலிலேயே திரும்பலாம் என்று நான் சொன்னதற்கு, அப்பா மூட்டை ஏற்றிய அந்தத் தளங்களில் ஒன்றிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று சித்தப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். இதுவே அவருக்கு முதல் விமானப் பயணம். இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.